காற்றும் வெயிலும் தரும் ஊர்களுக்கு யூனிட்டுக்கு ஐந்து பைசா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தவுடன், காற்றாலை மின் உற்பத்தி இத்தனை ஆயிரம் மெகாவாட்டை எட்டியது என்ற செய்தி தங்கள் நாளிதழில் தவறாமல் வெளிவருகிறது. கோடை முழுவதும் மின்வெட்டுக்கு அஞ்சியிருந்த சென்னைவாசிகளுக்கு அது ஆறுதலான செய்தி. எவ்வளவு நிலக்கரி மிச்சமானது, வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்குவது எவ்வளவு குறைந்தது என்பன போன்ற விவரங்கள் அதில் இருக்கும். அந்த மின்சாரம் எந்தெந்த ஊராட்சிகளில் உற்பத்தியானது, அன்றைய உற்பத்தியால் அந்த ஊராட்சிகளுக்கு என்ன கிடைத்தது என்ற விவரம் மட்டும் இருப்பதில்லை. செய்தியாளர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. உற்பத்தியைப் பொறுத்து ஊருக்குச் சேர வேண்டிய பங்கு என்று எதுவும் நம் மாநிலத்தில் வரையறுக்கப்படாததால், எழுதுவதற்கு அவர்களிடம் கணக்கும் இல்லை.

காற்றாலைகளும் சூரியமின் நிலையங்களும் அமைந்துள்ள ஊர்களுக்கு, அங்கிருந்து விற்பனையாகும் ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் ஒரு சிறு தொகை, எந்த நிறுவனத்தின் தயவையும் எதிர்பாராத சட்டப்படியான உரிமையாகச் சென்று சேர வேண்டும் என்பதும், அதற்கான செலவை மின்சாரத்தைப் பயன்படுத்தும் நாம், முதன்மையாகச் சென்னை நுகர்வோர், மனமுவந்து ஏற்க வேண்டும் என்பதும்தான் இக்கடிதத்தின் வேண்டுகோள். மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். பணிக்காலத்தில் பல ஆண்டுகளைத் தென்மாவட்டங்களில் கழித்தவன் என்ற முறையில் சில விவரங்களைத் தங்கள் வாசகர்கள் முன்வைக்க விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் காற்றாலை என்பது புதிய தொழில் அன்று. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களின் வாயில்களில் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இவற்றுள் பலவற்றை நிறுவியவர்கள் கோவை, திருப்பூர் பகுதிகளின் நூற்பாலை உரிமையாளர்கள். இராதாபுரத்திலோ கயத்தாற்றிலோ உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகள் வழியே கொண்டுசென்று தம் ஆலையின் மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இருந்தது. 2017 ஏப்ரலில் 40 சதவீதமாகக் குறைக்கப்படும்வரை, முதலீட்டில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமானவரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகையும் இருந்தது. இந்த ஊக்குவிப்புகள் தவறு என்று நான் கருதவில்லை; அவை இல்லாமல் நம் மாநிலம் இந்தத் துறையில் முன்னுக்கு வந்திருக்காது. ஆனால் ஆலைக்கு மலிவான மின்சாரம், முதலீட்டாளருக்கு வரிச்சலுகை, வாரியத்துக்கு நிலக்கரி மிச்சம், நகரத்துக்குத் தடையற்ற விளக்கு என்று எல்லாத் தரப்புக்கும் ஆண்டுதோறும் பயன் கிடைத்துக்கொண்டிருக்கையில், காற்றாலை நிற்கும் ஊருக்குக் கிடைத்தது நிலத்தை விற்ற அன்று கைக்கு வந்த கிரயத் தொகை மட்டுமே. அதுவும் பட்டா வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே.

அந்தக் கிரயம் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மானாவாரி நிலத்தில் நான்கைந்து ஆண்டுகள் மழை பொய்த்திருந்த நேரம் பார்த்துத் தரகர்கள் வருவார்கள். எதற்காக வாங்குகிறார்கள் என்பது விற்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. பத்திரம் முடிந்து, பெரிய கிரேன் வருவதற்காக வரப்புகளை வெட்டிப் பாதை போடும்போதுதான் ஊருக்கே செய்தி எட்டும். அதற்குள் அதே நிலம் இரண்டு கை மாறி, முதலில் விற்றவர் பெற்றதைப்போல் பல மடங்கு விலைக்குப் போயிருக்கும். பாதை போட்டதில் ஓடையின் போக்கு மாறிப்போனால், அதை யாரிடம் போய்ச் சொல்வது என்பதுகூட ஊராட்சித் தலைவருக்குத் தெரியாத நிலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நிலத்தை வாங்கியவர் ஒருவர், காற்றாலையை நிறுவியவர் வேறொருவர், உரிமையாளர் கோவையில் இருப்பவர், பராமரிப்பவர் சென்னையிலோ புணேயிலோ உள்ள ஒரு நிறுவனம்.

காற்றாலையாவது தன் அடிப்பகுதிக்கும் பாதைக்கும் போக மிச்ச நிலத்தை உழவுக்கு விட்டுவைக்கிறது. சூரியமின் நிலையம் அப்படி விடுவதில்லை. 2016-இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் தொடங்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரியமின் நிலையங்களில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று என்று அது பேசப்பட்டது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலம் அதற்குத் தேவைப்பட்டது. அந்த வட்டாரத்தில் தரிசு என்று வருவாய்த்துறைப் பதிவேடு சொல்லும் நிலம் உண்மையில் சும்மா கிடப்பதில்லை. அங்கே ஆடு மேய்கிறது. கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. மழை கிடைத்த ஆண்டில் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளையும். களையெடுப்பதற்கும் பழம் பறிப்பதற்கும் நிலமில்லாத பெண்களுக்குக் கூலி கிடைக்கும். இப்படிப்பட்ட நிலத்தைச் சுற்றி முள்கம்பி வேலி அடைக்கப்படும்போது, நிலத்தின் உரிமையாளர் பணம் பெற்றுக்கொண்டு விலகிவிடுகிறார். ஆட்டுக்காரர் அடுத்த ஊர் எல்லைவரை சுற்றி நடக்கிறார். கோடையில் கிடை போடுவதற்கு நிலம் இல்லாமல் மந்தையை விற்றுவிட்டவர்களும் உண்டு. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வேலிக்குள் அகப்பட்டால், சூரியஒளித் தகடுகளுக்கு வெகு தொலைவில் நிலம் வைத்திருக்கும் உழவரும் பாதிக்கப்படுகிறார். இவர்களில் எவர் பெயரும் எந்தக் கிரயப் பத்திரத்திலும் இடம்பெறாது. கட்டுமானத்தின்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை இருக்கும். அது சில மாதங்களில் முடிந்துவிடும். அதன்பின் ஊருக்கு மிஞ்சுவது காவல், புல் வெட்டுதல், தகடு கழுவுதல் ஆகிய வேலைகள், அவையும் ஒப்பந்தக்காரர் மூலமாக.

ஊரின் குரலைக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சூரியஒளித் தகடு நிலையங்களுக்கும் காற்றாலைகளுக்கும் முன் அனுமதி தேவையில்லை. ஆகவே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. அரசு கையகப்படுத்தாமல் நிறுவனமே நேரடியாகக் கிரயம் பேசி வாங்குவதால், 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் வலியுறுத்தும் சமூகத் தாக்க மதிப்பீடும் பொதுவாக நடைபெறுவதில்லை. புகையும் சாம்பலும் இல்லாத தொழிலுக்குத் தடைகளைக் குறைத்தது நியாயம்தான். அதே நேரத்தில் ஊரார் வாய்திறக்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பமும் அந்த விலக்கோடு சேர்ந்து போய்விட்டது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. செயல்படும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் இந்தத் துறையில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்குவது வழக்கம். அந்த நிறுவனம் பெருங்கடன் வாங்கித் திட்டத்தை நிறுவுகிறது. வட்டியும் தேய்மானமும் கழிந்தபின் தொடக்க ஆண்டுகளில் கணக்கில் இலாபம் என்று பெரிதாக எதுவும் நிற்காது. இலாபம் இல்லாதபோது அதில் 2 சதவீதமும் இல்லை. கிடைக்கும் இடங்களிலும் அது பள்ளிக்கு நான்கு மேசைகள், குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம், அதன்மேல் ஒரு பெயர்ப்பலகை என்ற அளவில் நிற்கிறது. எது தேவை என்று ஊர் தீர்மானிப்பதில்லை. எது தரலாம் என்று அவர்கள் தீர்மானிக்கிறார்கள். அடுத்த ஆண்டு கிடைக்குமா என்று கேட்கும் உரிமையும் ஊருக்கு இல்லை.

இலாபத்தில் பங்கு கேட்பதற்கும் யூனிட்டில் பங்கு கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இலாபம் கணக்கர்களின் மேசையில் தீர்மானிக்கப்படுவது. யூனிட் மீட்டரில் ஓடுவது. ஒவ்வொரு நிலையத்துக்கும் மாதந்தோறும் வாரியத்தின் பொறியாளரும் நிறுவனத்தின் பிரதிநிதியும் சேர்ந்து நின்று மீட்டர் அளவீடு எடுத்துக் கையொப்பமிடுகிறார்கள். நிறுவனத்துக்குப் பணம் வழங்கப்படுவதே அந்த அளவீட்டின்படிதான். அந்தத் தாளின் ஒரு படியை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டால், சென்ற மாதம் தங்கள் ஊர்க் காற்று எத்தனை யூனிட் தந்தது, அதற்கு ஊருக்கு வர வேண்டியது எவ்வளவு என்பதை எட்டாம் வகுப்புப் படித்த எவரும் பெருக்கிப் பார்த்துவிடலாம். ஆய்வுக்குழுவும் தணிக்கையாளரும் அதற்குப் பின்பு வந்தால் போதும்.

இது நம் நாட்டுக்குப் புதிய கொள்கையும் அன்று. மத்திய அரசின் 2008-ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை, திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரத்தை இலவசமாகத் தருவதோடு, உள்ளூர்ப் பகுதி வளர்ச்சி நிதிக்கென மேலும் 1 சதவீதத்தை ஒதுக்குகிறது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்தாண்டுகளுக்கு மாதம் 100 யூனிட் தர வேண்டும் என்றும் கூறுகிறது. சுரங்கங்களைப் பொறுத்தவரை, 2015-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டுள்ளன. குத்தகைதாரர்கள் செலுத்தும் உரிமைத்தொகையில் புதிய குத்தகைகளுக்கு 10 சதவீதமும் பழையவற்றுக்கு 30 சதவீதமும் அவற்றுக்குச் சேர வேண்டும். ஓடும் நீருக்கு ஒரு பங்கு உண்டு, தோண்டும் கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்றால், வீசும் காற்றுக்கும் அடிக்கும் வெயிலுக்கும் மட்டும் ஏன் இல்லை? காற்றும் வெயிலும் யாருக்கும் சொந்தமில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆற்று நீரும் கரையோர ஊருக்குச் சொந்தமில்லைதான். சொந்தம் என்பதற்காக அந்தப் பங்கு தரப்படவில்லை. தன் இடத்தையும் வழக்கமான வாழ்க்கை முறையையும் நெடுங்காலத்துக்கு விட்டுக்கொடுப்பதற்காகத் தரப்படுகிறது. காற்றாலையும் சூரியமின் நிலையமும் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நிற்கப்போகின்றன.

வெளிநாடுகளில் இதற்குப் பல வழிகளைக் கண்டிருக்கிறார்கள். டென்மார்க் 2009 முதல் பத்தாண்டுக்கும் மேலாக, புதிய காற்றாலைத் திட்டத்தின் பங்குகளில் 20 சதவீதத்தை 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முதலில் விலைக்குத் தர வேண்டும் என்று வைத்திருந்தது. பிறகு அதை மாற்றி, அண்டை வீட்டாருக்கு ஆண்டுதோறும் நேரடித் தொகை வழங்கும் முறைக்கு வந்தது. பங்கு வாங்கக் கையில் பணம் இருப்பவர்களுக்கு மட்டுமே பழைய முறை உதவும் என்பதால், நமக்குப் பாடம் அந்த மாற்றத்தில்தான் இருப்பதாக எண்ணுகிறேன். தென்னாப்பிரிக்காவில் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள சமூகங்களுக்குக் குறைந்தது 2.5 சதவீத உரிமை இருக்க வேண்டும் என்பது ஏல நிபந்தனை. ஜெர்மனியில் காற்றாலையிலிருந்து 2.5 கிலோமீட்டருக்குள் உள்ள ஊராட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 யூரோ சென்ட் வரை, அதாவது நம் பணத்தில் ஏறக்குறைய 18 முதல் 20 பைசா வரை, நிறுவனம் வழங்கலாம் என்று 2021 முதல் சட்டம் இடமளிக்கிறது. நமக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது இந்த மூன்றாவது வழி. ஆனால் வழங்கலாம் என்பதை வழங்க வேண்டும் என்று நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

உள்நாட்டிலேயே கற்றுக்கொள்ள இரண்டு எடுத்துக்காட்டுகள் உள்ளன. கர்நாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் அமைந்த 2,050 மெகாவாட் சூரியமின் பூங்காவுக்கு, உழவர்களின் நிலம் விலைக்கு வாங்கப்படாமல் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. நிலம் கைவிட்டுப் போகாமலிருப்பதால் கிரயத்தைவிட இது மேலானது. எனினும் அங்கும் நிலமற்ற கூலிகளும் மேய்ச்சல்காரர்களும் வெளியேதான் நிற்கிறார்கள்.

மற்றொன்று கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறை ஊராட்சி. 2006-இல் அந்த ஊராட்சி தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனையும் அடைத்தது. ஊராட்சி ஒன்று மின் உற்பத்தியாளராக முடியும் என்பதற்கு இன்றுவரை நாடு முழுவதும் சுட்டிக்காட்டப்படும் சாதனை அது. அதை முன்னின்று நடத்தியவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அந்தக் காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அன்று. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பகுதியில். முன்யோசனையுள்ள தலைமையும் சேமிப்பும் கடன் பெறும் தகுதியும் இருந்ததால் தொலைவிலுள்ள ஓர் ஊராட்சி பயனடைய முடிந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் காற்றாலைகள் சுழலும் ஊராட்சிகளிடம் காற்றைத் தவிர அந்த மூன்றில் எதுவும் இல்லை. எல்லா ஊராட்சிகளும் ஓடந்துறையாக வேண்டும் என்று மேடையில் பேசுவது எளிது. அதற்கான முதலைத் திரட்டும் வழியை அந்த ஊர்களுக்கு யார் தருவது? யூனிட்டுக்கு ஐந்து பைசா வரத் தொடங்கினால், சில ஆண்டுகளில் அந்த ஊராட்சிகளே வங்கியில் கடன் கேட்கும் நிலைக்கு உயரும்.

ஐந்து பைசா என்று சொல்வதற்குக் கணக்கைத் தருகிறேன். நம் மாநிலத்தில் 1 மெகாவாட் சூரியமின் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும் என்று கொள்ளலாம். யூனிட்டுக்கு ஐந்து பைசா என்றால் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய். 648 மெகாவாட் நிலையத்துக்கு அது ஏறத்தாழ 4 கோடியே 86 லட்சம் ரூபாய். வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம் என்று சில லட்சங்களைச் சொந்த வருவாயாகத் திரட்டவே திண்டாடும் மானாவாரிப் பகுதி ஊராட்சிகளுக்கு இது எப்படிப்பட்ட மாற்றம் என்பதை விளக்க வேண்டியதில்லை. மறுபக்கத்தில், இரண்டு மாதங்களுக்கு 500 யூனிட் பயன்படுத்தும் ஒரு சென்னைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அந்த 500 யூனிட்டும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்துமே வந்தது என்று வைத்துக்கொண்டாலும் கூடுதல் செலவு 25 ரூபாய்தான். உண்மையில் அதில் ஒரு பகுதியே அப்படி வருவதால் தொகை இன்னும் குறையும். என் வீட்டுக் கட்டணச் சீட்டில் இப்படியொரு வரி தனியாக அச்சிடப்பட்டு வருமானால் அதை நிறைவோடு செலுத்துவேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் என் அண்டை வீட்டாரிடம் இதைப் பேசியபோது, பணம் உண்மையிலேயே அந்த ஊருக்குப் போகுமா என்பதைத்தான் எல்லோரும் கேட்டார்களே தவிர, ஏன் தர வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர்களின் கேள்வி நியாயமானது. மாவட்ட அளவில் ஒரே நிதியாகச் சேர்த்தால், அது மாவட்டத் தலைநகரின் சாலைக்கும் கட்டடத்துக்கும் திரும்பிவிடும் அபாயம் உண்டு. ஆகவே பணம் நேராக ஊராட்சியின் தனிக் கணக்குக்கு வர வேண்டும்; எதற்குச் செலவிடுவது என்பதைக் கிராம சபையே தீர்மானிக்க வேண்டும். அதில் பாதியையாவது நிலமற்ற குடும்பங்களுக்கும் மேய்ச்சலை இழந்தவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பதை விதியிலேயே எழுதிவிட வேண்டும். அதைக் கிராம சபையின் பெரும்பான்மைக்கு விட்டால், நிலம் உள்ளவர்களின் குரலே மேலோங்கும் என்பது ஊர் நிலவரம் அறிந்த யாருக்கும் தெரியும். நிலையம் ஓர் ஊராட்சியின் எல்லைக்குள் இருந்தாலும், வேலியை ஒட்டியுள்ள மற்ற ஊராட்சிகளுக்கும் பங்கு உண்டு என்பதும் அந்த விதியில் இருக்க வேண்டும்.

இலவச மின்சாரமே கொடுத்துவிடலாமே என்ற யோசனையையும் கேட்டிருக்கிறேன். வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட்டும் உழவுக்கான மின்சாரமும் ஏற்கெனவே இலவசமாக உள்ள நம் மாநிலத்தில் அதற்குப் பெரிய பொருள் இல்லை. அந்த ஊர்களின் குறை மின்சாரத்தின் விலையில் இல்லை, தரத்தில் இருக்கிறது. காற்றாலைகளின் மின்சாரம் அருகிலுள்ள துணைமின் நிலையத்தில் 110 கிலோவோல்ட்டுக்கோ அதற்கு மேலோ உயர்த்தப்பட்டு நெடுந்தொலைவுக் கம்பிகளில் ஏறிப் போய்விடும். அந்தத் துணைமின் நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டியே ஓர் ஊர் இருந்தாலும், அந்த ஊருக்கான 11 கிலோவோல்ட் பாதை வேறொரு துணைமின் நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் சுற்றி வந்து அங்கே கடைசிக் கம்பமாக முடியும். மாலையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதும், மோட்டார் இழுக்காமல் உறுமி நிற்பதும் இதனால்தான். காற்றாலை நிற்கும் ஊர்களுக்கு அங்கிருந்தே ஒரு மின்மாற்றியும் தனிப்பாதையும் அமைத்துத் தருவது வாரியத்துக்குத் தாங்க முடியாத செலவு அன்று. இதை ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்த்துவிடலாம்.

முதலீடு குஜராத்துக்கும் இராஜஸ்தானுக்கும் போய்விடும் என்ற அச்சம் சொல்லப்படும். 2017-இல் மத்திய அரசு நடத்திய முதல் காற்றாலை ஏலத்தில் முடிவான விலை யூனிட்டுக்கு 3 ரூபாய் 46 பைசா. ஐந்து பைசா அதில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. ஏலத்தில் கலந்துகொள்ளும் எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்றால், யாருக்கும் தனி இழப்பு இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை வேறு மாநிலத்துக்கு யாரும் கொண்டுபோகவும் முடியாது. ஊரின் எதிர்ப்பால் ஒரு கோபுரப் பணி ஆறு மாதம் நின்றால் நிறுவனத்துக்கு ஏற்படும் வட்டி இழப்பு இந்த ஐந்து பைசாவைவிடப் பல மடங்கு என்பதை அந்த நிறுவனங்களின் பொறியாளர்களே தனிப்பேச்சில் ஒப்புக்கொள்வார்கள். மின்கோபுரங்களுக்கு எதிராக 2018-இல் மேற்கு மாவட்ட உழவர்கள் நடத்திய போராட்டத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கோபுர அடிநிலத்துக்கு அதன் மதிப்பைப்போல் இரு மடங்கும், கம்பி செல்லும் தடத்துக்கு 30 சதவீதமும் இழப்பீடு தரலாம் என்று மத்திய அரசு 2024-இல் வழிகாட்டுதலை உயர்த்தியது.

பழைய காற்றாலைகளின் ஒப்பந்தங்களை இப்போது மாற்ற முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அவற்றில் பல ஆயுள் முடியும் நிலையில் உள்ள சிறிய எந்திரங்கள். அவற்றை அகற்றிவிட்டுத் திறன்மிக்கவற்றை நிறுவுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்டுள்ளது. முதல் முறை கேட்கத் தவறியதை இரண்டாம் முறை கேட்பதற்கான வாய்ப்பு இது. நல்ல காற்றுள்ள இடங்களெல்லாம் மீண்டும் ஒருமுறை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டால், அடுத்த தலைமுறைக்குத்தான் மறுவாய்ப்பு.

கடலைப் பற்றியும் ஒரு செய்தி. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஆதரவோடு ஒப்புதல் அளித்த 1,000 மெகாவாட் கடல் காற்றாலைத் திட்டத்தில் 500 மெகாவாட் தமிழகக் கடலுக்கானது. தூத்துக்குடி, கன்னியாகுமரி, இராமநாதபுரம் மாவட்ட மீனவர்களின் கவலை இயல்பானது. கடலுக்குப் பட்டா கிடையாது. நிலத்துக்குக் கிரயம் தந்து முடித்துக்கொண்ட வழி அங்கே செல்லாது. வலை விரிக்கும் இடம், படகு செல்லும் வழி ஆகியவற்றை இழக்கும் மீனவர்களுக்கு யூனிட்டின்படி பங்கு தருவதைத் தவிர வேறு நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அங்கே முதல் தூண் இறங்குவதற்கு முன்பே இதை எழுதி வைத்துவிடலாம்.

சென்னை மக்கள் இதில் ஏன் முன்நிற்க வேண்டும் என்றால், இந்த மாநகரின் வடக்கு எல்லையே அதற்குக் காரணம். எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் எரிந்த நிலக்கரியில்தான் இந்நகரம் பல்லாண்டுகள் விளக்கேற்றிக்கொண்டது. அதன் சாம்பல் செப்பாக்கத்து மக்களின் வாசலிலும் கொசஸ்தலை ஆற்றிலும் படிந்தது. மீன்பாடு குறைந்ததையும் மூச்சுத்திணறலையும் அவர்கள் தாங்கினார்கள். நெய்வேலிக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் வேலைக் கோரிக்கை இன்றும் ஓயவில்லை. அங்கெல்லாம் ஊருக்கு உரியதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைக்காததன் விளைவை நாம் கண்ணாரக் காண்கிறோம். புகை இல்லாத மின்சாரத்துக்கு மாறும் இந்த நேரத்திலாவது அந்தப் பிழை தொடராமலிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். மின்வாரியத் தலைமையகம் அண்ணா சாலையில் இருக்கிறது. மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கிண்டியில் இருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு காற்று வீசுகிறது என்று அளந்து சொல்லும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. கமுதியிலிருந்தோ இராதாபுரத்திலிருந்தோ ஒருவர் கூலியை விட்டுவிட்டு இரவுப் பேருந்து ஏறி வந்து ஆணையத்தின் முன் மனு கொடுப்பது எளிதன்று. இங்கேயே இருக்கும் நுகர்வோர் அமைப்புகளுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அது எளிது. கட்டண உயர்வுக்கு எதிராக ஆணையத்தின் கருத்துக்கேட்பில் பேசும் நம் சங்கங்கள், இந்த ஐந்து பைசாவுக்கு ஆதரவாகவும் ஒருமுறை பேச முன்வர வேண்டும்.

2024-இல் தனியாக உருவாக்கப்பட்ட தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம், இனி வெளியிடும் ஒவ்வொரு ஏல ஆவணத்திலும், பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க வழங்கும் ஒவ்வோர் அனுமதியிலும் ஊர்ப் பங்கை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். அந்தத் தொகையைக் கட்டணத்தில் ஈடுசெய்துகொள்ள ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட வேண்டும். அவ்வாறான ஏல ஆவணம் அடுத்து வெளியாகும்போது, அதில் ஊராட்சிகளைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் படித்துப் பார்த்து வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்,
ஆதம்பாக்கம், சென்னை – 88